ஒரு காதுக்குள் நான்கு கம்பெனி

பொறாமைப்படுவதற்கும் ஓர் ஒழுக்கம் வேண்டும் என்று நம்புகிறவர் அச்சுக்காரர். கண்டவர் மேலெல்லாம் வயிறெரிந்து திரிவது அவருக்குப் பிடிக்காது. ஒரு சமயத்தில் ஒருவர்தான். அந்த ஒருவருக்குத் தன்னிடம் இருப்பதை மிச்சம் வைக்காமல் கொடுத்துவிடுவார். பள்ளியில் பக்கத்து பெஞ்சுக்காரன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், அவருக்கு முன்னால் தனி மேஜையும் சுழல் நாற்காலியும் வாங்கிவிட்ட ஒரு வரைபடக்காரர். பிறகு கொஞ்ச காலம், எதிர்வீட்டில் பால்கனி எடுத்துக் கட்டியவர். இவர்கள் எல்லாரும் வெறும் ஒத்திகை என்பது, மைத்துனிக்குக் கல்யாணமாகி மாமனார் வீட்டுக்கு இரண்டாவதாக ஒரு மாப்பிள்ளை வந்து இறங்கிய அன்றுதான் அவருக்குப் புரிந்தது.

அதுவரைக்கும் அந்த வீட்டில் அவர் 'மாப்பிள்ளை'. அதற்குப் பிறகு 'பெரிய மாப்பிள்ளை'. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது பதவி உயர்வு மாதிரித் தெரியும். அந்த ஹாலில் கைவைத்த நாற்காலி ஒன்றே ஒன்றுதான் என்பதும், மாமனாரின் சாய்வு நாற்காலிக்குப் பக்கத்திலேயே அது கிடக்கிறது என்பதும், சின்ன மாப்பிள்ளை எப்போதும் அரைமணி முன்னதாக வந்து அதில் உட்கார்ந்துவிடுவார் என்பதும் வெளியாட்களுக்கு எப்படித் தெரியும்?

பிளாஸ்டிக் சாமான்களை வார்ப்பதற்கான எஃகு அச்சுகளைச் செய்வது அச்சுக்காரரின் தொழில். பத்துப் பதினைந்து பேர் வேலை செய்கிற சின்னப் பட்டறை. பாட்டில் மூடி, சீப்பு, சுவிட்சுப் பெட்டி என்று ஆரம்பித்து, பின்னால் ஆஸ்பத்திரிகளுக்கான நுணுக்கமான சாமான்கள் வரைக்கும் வந்திருந்தார்கள். தலைமுடியை நாலாகப் பிளந்தால் எவ்வளவோ அவ்வளவு பிசகினாலும் கண்டுபிடித்துவிடுவார் என்று பட்டறை முதலாளி அவரைப் பற்றிச் சொல்வதுண்டு. இந்தக் கண், மற்றவர்கள் செய்த பொருளைப் பார்க்கும்போது இன்னும் நன்றாக வேலை செய்யும்.

சின்ன மாப்பிள்ளையோ ஒரு சிப் கம்பெனியில் தயாரிப்பு மேலாளர். என்னத்தைத் தயாரிக்கிறார் என்று அச்சுக்காரர் மனைவியிடம் வருஷக்கணக்காக விசாரித்துவந்தார். சகலையின் கையில் ஒரு திருகாணியைக்கூட அவர் பார்த்ததில்லை. பார்த்ததெல்லாம் நுனியில் சிவப்பு வெளிச்சம் அடிக்கிற ஒரு கருவிதான். அதை வைத்துச் சுவரில் தெரிகிற படத்தைச் சுட்டிக்காட்டிப் பேசினால் மாதச் சம்பளம் வருமாம். இந்தச் செய்தியை ஜீரணிக்க அச்சுக்காரருக்கு ஒரு மழைக்காலம் முழுவதும் பிடித்தது.

இதையெல்லாம் அவர் மனசுக்குள் வைத்துப் புழுங்கவில்லை. மாமனார் வீட்டு ஹாலிலேயே, மாமனாருக்கு இரண்டடி தள்ளி உட்கார்ந்துகொண்டு, மனைவியிடம் தணிந்த குரலில் சொல்லித் தீர்த்துக்கொள்வார். ஏனென்றால் மாமனாருக்குக் காது கேட்காது.

மாமனார் கோர்ட்டில் சுருக்கெழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். சாட்சி விக்கினால் விக்கலையும் சேர்த்து எழுதுகிறவர் என்று அந்தக் காலத்தில் பெயர். அப்பேர்ப்பட்ட காது கொஞ்சம் கொஞ்சமாகக் கடையைக் கட்டிவிட்டது. மெஷின் மாட்டிக்கொள்ளச் சொன்னால் மாட்டேன் என்பார். ஊரார் பேச்சையெல்லாம் காதில் வாங்கிப் பிழைத்தவன், கடைசியில் காதில் ஒரு கொட்டையைச் செருகிக்கொண்டு தெருவில் நடக்கவா என்று கேட்பார். வெளியே தெரியாமல் உள்ளுக்குள்ளேயே இருக்கிற மாதிரி ஒன்று வந்தால் போட்டுக்கொள்கிறேன் என்பது அவர் நிபந்தனை. அப்படி ஒன்று வருகிறவரை, "வந்துட்டார் பாரு வெளிச்சக்காரர்" என்று பெரிய மாப்பிள்ளை முணுமுணுப்பதற்கெல்லாம் அவர் அன்பாகத் தலையாட்டிக்கொண்டிருந்தார். அந்த ஹால் மாதிரிப் பேச்சுரிமை உள்ள இடம் அச்சுக்காரருக்கு உலகத்தில் வேறெங்கும் இல்லை.

இப்படி இருக்கையில்தான் பட்டறை முதலாளி ஒருநாள் வாயெல்லாம் பல்லாக வந்தார். நான்கு கம்பெனிகள் கூடி, காதுக்குள் மறைந்துகொள்கிற கேட்பு மெஷின் ஒன்றைப் புதிதாகச் செய்யப் போகின்றன. சிப் ஒருவர், ஸ்பீக்கர் ஒருவர், பேட்டரி ஒருவர். இந்த மூன்றும் உள்ளே இருக்க ஒரு கூடு வேண்டும், அது நம்முடையது. தனித்தனியாக யாராலும் செய்ய முடியாத பொருள், சேர்ந்தால் உலகத்தையே ஒரு கலக்குக் கலக்கலாம். பட்டறை சார்பில் கூட்டங்களுக்கு நீங்களே போய் வாருங்கள் என்றார்.

அச்சுக்காரர் புதுச் சட்டை போட்டுக்கொண்டு போனார். ஓர் ஆராய்ச்சி நிலையத்தின் மூன்றாவது மாடியில் நீள மேஜை, ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில். நான்கு கம்பெனிகளையும் கட்டி மேய்க்க, ஒலியியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்ற ஒரு பேராசிரியை ஒருங்கிணைப்பாளராக உட்கார்ந்திருந்தார். அந்த அம்மாள் எல்லாரையும் சிரித்த முகத்தோடு பார்த்து, இன்றுமுதல் நாமெல்லாம் ஒரே குடும்பம் என்றார். மற்றவர்கள் கைதட்டினார்கள். அச்சுக்காரருக்கு மட்டும் கை எழவில்லை. எதிரே சிப் கம்பெனியின் நாற்காலியில் சிவப்பு வெளிச்சக் கருவியோடு உட்கார்ந்திருந்தவர் அவர் சகலை. குடும்பம் என்றால் என்ன என்று அந்த அறையில் விவரம் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

மெஷினை எப்படிச் செய்வது என்பதில் யாருக்கும் தகராறு இல்லை. அது சாப்பாட்டு வேளைக்குள் முடிந்துவிட்டது. வருகிற பலனை எப்படிப் பங்கு போடுவது என்பதில்தான் கூட்டம் கூட்டமாகப் பொழுது போயிற்று. மூளை எங்களுடையது, மூளைக்குத்தான் பெரும்பங்கு என்றார் சின்ன மாப்பிள்ளை. குரல் இல்லாத மூளை எதற்கு என்றார் ஸ்பீக்கர்காரர், கழுத்து நீண்ட மனிதர். உயிர் போனால் மூளையும் குரலும் என்ன செய்யும் என்று கேட்டார் பேட்டரிக்காரர். அதுவரை அவர் வாயைத் திறந்து யாரும் பார்த்ததில்லை. உயிர் தங்குவதற்கு உடம்பு வேண்டாமா என்று அச்சுக்காரர் முடித்தார். பேச்சு இப்படி வேதாந்தத்துக்குள் போய்விட்டதும் ஒருங்கிணைப்பாளர் அம்மாள் நெற்றியைப் பிடித்துக்கொண்டு ஒரு வழி சொன்னார். மூளையையும் உயிரையும் என்னால் அளக்க முடியாது; கூட்டுக்குள் யார் எவ்வளவு இடம் பிடிக்கிறார்கள் என்பதை அளக்கலாம்; அந்த இடத்துக்குத் தக்க பங்கு. எல்லாருக்கும் பசி. எல்லாரும் ஒப்புக்கொண்டு, வரிசையாக நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். படத்தில் சின்ன மாப்பிள்ளை நடுவில் நின்றார். அச்சுக்காரரின் ஒரு காதும் பாதிக் கன்னமும் ஓரத்தில் விழுந்திருந்தன.

அதற்குப் பிறகு நடந்ததை ஒரு சிறுபிள்ளைகூட முன்கூட்டியே சொல்லியிருக்கும். சிறுபிள்ளைகள் யாரும் அந்தக் கூட்டத்துக்கு அழைக்கப்படவில்லை. பேட்டரிக்காரர் தன் பேட்டரி அதிர்ச்சி தாங்காது என்று சொல்லி அதற்கு ஒரு மெத்தை கட்டினார். ஸ்பீக்கர்காரர் ஸ்பீக்கரைச் சுற்றி உலோக வளையம் ஒன்றை மாட்டி, இரைச்சல் வராமல் இருப்பதற்கு என்றார். சிப் கம்பெனி தன் பலகையின் அளவை அனுப்பியபோது, எதிர்காலத் தேவைகளை உத்தேசித்தது என்று ஒரு வரி சேர்த்திருந்தது. அச்சுக்காரரின் முதலாளியோ அவரைத் தனியாகக் கூப்பிட்டு, கூட்டின் சுவரும் கணக்கில் வருமா என்று நாசூக்காகக் கேட்டார். வரும் என்றார் அச்சுக்காரர். அப்படியானால் நல்ல பலமாகவே செய்துவிடுவோமே என்றார் முதலாளி. பலம் என்ற சொல் அச்சுக்காரருக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. சுவரைத் தடிமனாக்கினார். கேட்டவர்களுக்கெல்லாம் பலம் என்று சொன்னார். சொல்லிச் சொல்லி, கடைசியில் அவரே அதை நம்பிவிட்டார்.

முதல் மாதிரி தயாரானதும் சின்ன மாப்பிள்ளை அதை வெல்வெட்டுப் பெட்டியில் வைத்து மாமனார் வீட்டுக்குக் கொண்டுவந்தார். அன்றைக்கும் அரைமணி முன்னதாகத்தான். அச்சுக்காரர் மனைவியோடு போய்ச் சேர்ந்தபோது, மெஷின் ஏற்கெனவே மாமனாரின் காதில் இருந்தது. காதில் என்று சொல்வது மரியாதைக்காக. பாதிக்கு மேல் வெளியே துருத்திக்கொண்டு, மழை பெய்த மறுநாள் மரத்தில் முளைக்கிற காளான் மாதிரி நின்றது. மாமனார் எழுந்து கண்ணாடி முன்னால் போனார். இப்படியும் அப்படியும் திரும்பிப் பார்த்தார். கழற்றிச் சின்ன மாப்பிள்ளையின் உள்ளங்கையில் வைத்தார்.

"ஏன் மாப்பிள்ளை, இது காதுக்குள்ள போகணுமா, இல்ல காது இதுக்குள்ள போகணுமா?"

அச்சுக்காரரின் வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. அந்தப் பால் திரிவதற்கு அதிக நேரம் ஆகவில்லை. சின்ன மாப்பிள்ளை கொஞ்சமும் அசராமல், மாமாவின் முகத்துக்கு நேரே குனிந்து, வாயசைவு புரியும்படி நிதானமாகச் சொன்னார்.

"என் மெஷின் உள்ள எல்லாம் சரியாத்தான் இருக்கு மாமா. கூடுதான் கொஞ்சம் பெருசாப் போச்சு. அத சகலைதான் பாக்கணும்."

இந்த வாக்கியத்தில் அச்சுக்காரரைத் தைத்தது கூடு பற்றிய பகுதி இல்லை. 'என் மெஷின்'. நான்கு கம்பெனிகள் சேர்ந்து செய்த பொருள், கூட்டத்தில் நம் மெஷினாக இருந்த பொருள், இந்த ஹாலுக்குள் காலை வைத்ததும் என் மெஷினாகிவிட்டது. நாளைக்கு இது சின்னதாகிக் காதுக்குள் உட்கார்ந்துவிட்டால், மாமனார் சாகிறவரை சின்ன மாப்பிள்ளையின் காதோடுதான் இந்த வீட்டில் நடமாடுவார். ஒவ்வொரு விருந்தாளியிடமும் அதைத் தொட்டுக் காட்டுவார். நாற்காலி போனது போகட்டும், மாமனாரே போய்விடுவார் போலிருந்தது.

அடுத்த கூட்டத்தில் இன்னொரு அடி விழுந்தது. மெஷினை நோயாளிகளுக்கு எழுதித்தர ஒப்புக்கொண்டிருந்த காது டாக்டர்கள், அடுத்த மாதிரியும் இப்படித் துருத்திக்கொண்டு நின்றால் நாங்கள் விலகிக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டார்கள். உடனே சின்ன மாப்பிள்ளை எழுந்து, யார் மனதையும் புண்படுத்துவது தன் நோக்கமல்ல என்று தொடங்கினார். அப்படித் தொடங்கினாலே அச்சுக்காரருக்கு எங்கேயோ புண்படப் போகிறது என்று அர்த்தம். மெல்லிய கூடு வார்க்கிற வெளிக்கம்பெனி ஒன்று தனக்குத் தெரியும், அவர்களையும் ஒரு வார்த்தை கேட்டுப் பார்க்கலாமே என்றார். ஒருங்கிணைப்பாளர் அம்மாள் அச்சுக்காரரைப் பார்த்து, அடுத்த கூட்டத்துக்குள் ஒரு வழி சொல்லுங்கள் என்றார். கூடு கைமாறினால் பட்டறை இந்தக் கூட்டிலிருந்தே கழன்றுவிடும். பிறகு அது நம் மெஷினாகக்கூட இருக்காது. முழுக்க முழுக்கச் சகலையின் மெஷின்தான்.

வீட்டுக்கு வந்து, மிச்சமிருந்த மாதிரி ஒன்றைக் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்த்தார். உள்ளே ஏதோ லேசாகக் கடகடத்தது. இறுக்கமாக அடைத்த பெட்டி கடகடக்காது. எங்கேயோ காலி இடம் இருக்கிறது. காலி இடம் என்றதும் அவருக்கு ஒரே ஒரு முகம்தான் நினைவுக்கு வந்தது.

மறுநாள் பட்டறையில் அந்த மாதிரியை ஒரு சின்னக் கிண்ணத்தில் நிறுத்தி, தெளிந்த பிசினை ஊற்றி இறுகவிட்டார். இறுகியதும் மெல்லிய ரம்பத்தால் குறுக்கே அறுத்து, அறுத்த முகத்தை உப்புத்தாளில் ஈரம் விட்டுத் தேய்த்தார். தேயத் தேய, பழத்தை நறுக்கினால் விதை தெரிகிற மாதிரி உள்விவரமெல்லாம் மேலே வந்தது. கண்ணில் இடுக்குகிற உருப்பெருக்கியால் பார்த்தார். அதில் ஒரு சமயத்தில் சின்ன வட்டம்தான் தெரியும். அவர் அந்த வட்டத்தை நேராகச் சிப் இருக்கும் இடத்துக்கு நகர்த்தினார்.

சிப் ஒரு மூலையில் ஒண்டிக்கொண்டிருந்தது. அதைத் தாங்கிய பச்சைப் பலகையோ நாலு சிப் குடும்பம் நடத்துகிற அளவுக்கு நீண்டு கிடந்தது. அந்த வெட்டவெளியில் ஒரு கம்பி இல்லை, ஒரு புள்ளி இல்லை. எதிர்காலத் தேவையாம். துண்டைச் சாய்த்து, தெளிந்த பிசின் வழியே பலகையின் மேல்முகத்தைப் பார்த்தபோது, அந்தத் தரிசின் நடுவில் சிப் கம்பெனி தன் சின்னத்தை மட்டும் பொடியாக அச்சடித்து வைத்திருந்தது தெரிந்தது. அச்சுக்காரர் உருப்பெருக்கியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். வேறு எதையும் பார்க்க அவருக்குத் தோன்றவில்லை. இதைவிட அழகான காட்சி அவர் வாழ்க்கையில் அதுவரை வந்ததில்லை.

அன்று மாலை மனைவியிடம் கதை முழுவதையும் நடித்துக் காட்டினார். பெரிய திரையில் சகலையின் தரிசு நிலம் தெரியப் போவதையும், சகலையின் முகத்தில் ஈயாடாமல் போவதையும் இரண்டு தரம் நடித்தார். துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி கேட்டுவிட்டு, ஒரு தலையணை உறையை உதறினாள்.

"எல்லாம் சரிங்க. உங்க சுவர் எவ்வளவு தடிமன்?"

"அது பலம்."

"நான் என்னன்னு கேக்கல. எவ்வளவுன்னு கேட்டேன்."

இந்தக் குடும்பத்தில் பிறந்தவர்களுக்கு எல்லாவற்றையும் வார்த்தை பிசகாமல் கேட்கிற பழக்கம் அப்பாவிடமிருந்து வந்தது என்று முணுமுணுத்தபடி அவர் எழுந்து போய்விட்டார்.

கூட்டத்தன்று அவர்தான் முதலில் வந்தார். அரைமணி முன்னதாக. அறுத்த துண்டைக் கேமராவின் கீழ் வைத்து, துணியால் மூடிவிட்டு, சகலை வருகிற வழியைப் பார்த்துக் காத்திருந்தார். எல்லாரும் உட்கார்ந்ததும் எழுந்தார். இது இடம் போதாமல் வந்த பிரச்சனை இல்லை, இடத்தை வளைத்துப் போட்டதால் வந்த பிரச்சனை, வளைத்துப் போட்டவர் யார் என்பதை நான் சொல்லப் போவதில்லை, திரையே சொல்லும் என்று முன்னுரை கொடுத்தார். துணியை எடுத்தார்.

உருப்பெருக்கிக்கும் திரைக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. உருப்பெருக்கியில் நாம் பார்க்க விரும்புகிற இடம் மட்டும் தெரியும். திரையில் எல்லாமே தெரியும்.

சிப் கம்பெனியின் தரிசு நிலம் தெரிந்தது. அதற்கு மேலே பேட்டரிக்காரரின் மெத்தை, ராஜா படுக்கிற மெத்தை மாதிரி உப்பிக்கொண்டு தெரிந்தது. ஸ்பீக்கரைச் சுற்றி ஒன்றல்ல, ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு வளையங்கள் தெரிந்தன. இவை எல்லாவற்றையும் சுற்றி, திரையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும், பீரங்கி அடித்தாலும் அசையாத ஒரு கோட்டைச் சுவர் தெரிந்தது. பார்த்தவர்கள் கண் முதலில் போனது அந்தச் சுவருக்குத்தான். அவ்வளவு பெரிய திரையில் அதுதான் அவ்வளவு பெரிதாக இருந்தது.

ஸ்பீக்கர்காரரின் நீண்ட கழுத்து மெல்லச் சட்டைக்குள் இறங்கியது. ஒருங்கிணைப்பாளர் அம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அந்தச் சுவர் நிஜமாகவே எவ்வளவு இருந்தால் போதும் என்று கேட்டார். அச்சுக்காரரின் வாயில் பலம் என்ற சொல் வந்து நின்றது. வாயைத் திறந்தார். தலைமுடியை நாலாகப் பிளந்து பார்க்கிற தொழில்காரன் நாக்கு அந்த நேரத்தில் அவருக்குத் துரோகம் செய்துவிட்டது.

"மூணுல ஒரு பங்கு போதும்."

பேட்டரிக்காரர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். தன் மெத்தையும் திரையில் இருக்கிறது என்பது நடுவில் நினைவுக்கு வந்திருக்க வேண்டும், சிரிப்பு பாதியில் இருமலாக மாறியது. அச்சுக்காரருக்குக் காதெல்லாம் கொதித்தது. சகலை இப்போது எழுந்திருப்பார், சிவப்பு வெளிச்சத்தை அந்தச் சுவரின் மேல் வைப்பார், அத்தோடு எல்லாம் முடிந்தது என்று கண்ணை மூடிக்கொண்டார்.

சகலை எழுந்தார். சிவப்பு வெளிச்சம் திரையில் விழுந்தது. சுவரின் மேல் நிற்காமல் வழுக்கிக்கொண்டு போய், தன் பச்சைப் பலகையின் தரிசில் நின்றது.

"இத எல்லார் முன்னாலயும் உடைச்சுக் காட்டிடணும்னு நானும் சகலையும் பேசி வச்சிருந்தோம். எங்க தப்பையும் சேத்துத்தான். மொதல்ல நாங்க ரெண்டு பேரும் எங்க இடத்த விட்டுக் குடுக்கறோம்."

அச்சுக்காரர் கண்ணைத் திறந்தார். இப்படி ஒரு பச்சைப் பொய்யை, இவ்வளவு சுத்தமான முகத்தோடு ஒரு மனிதர் சொல்லி அவர் பார்த்ததில்லை. பேசி வைத்தார்களாம். எங்கே, எப்போது? மறுக்கலாம் என்று பார்த்தால், மறுத்த மறுநிமிஷம் அந்தச் சுவருக்கு அவர் ஒருவரே பொறுப்பு. ஒப்புக்கொண்டால், அறுத்தது, தேய்த்தது, பிசின் ஊற்றியது எல்லாவற்றிலும் பாதி சகலைக்குப் போய்விடும். பொறாமைப்பட்டவருக்குத் துன்பம் வரும் என்று கேள்விப்பட்டிருக்கிறார். பொறாமைப்படுகிறவரை, பொறாமைக்கு ஆளானவரே வந்து காப்பாற்றுவார் என்று அவரை யாரும் எச்சரிக்கவில்லை. அவர் தலையை மேலும் கீழும் ஆட்டினார். கழுத்தில் ஏதோ நரம்பு சுளுக்கிக்கொண்டது.

அறையே எழுந்து கைதட்டியது. ஒருங்கிணைப்பாளர் அம்மாளுக்கு அன்றைக்குத்தான் தன் தப்பு புரிந்தது. பிடித்த இடத்துக்குப் பங்கு என்று வைத்தால் யார்தான் இளைப்பார்கள்? அங்கேயே விதியைத் திருப்பிப் போட்டார். இனிமேல் யார் எவ்வளவு இடத்தை விட்டுக்கொடுக்கிறாரோ அவருக்கு அவ்வளவு பங்கு. ஒவ்வொரு மாதிரியையும் இதே மாதிரி அறுத்து, எல்லாரும் சேர்ந்து பார்ப்போம். அறுக்கும் வேலை அச்சுக்காரருடையது. இந்த முறையைப் பற்றி மற்ற ஊர்க் கம்பெனிகளுக்கு எடுத்துச் சொல்லும் வேலை சின்ன மாப்பிள்ளையுடையது. அதற்கு அவர் நான்கு ஊர்களுக்கு விமானத்தில் போய்வந்தார் என்பதை மட்டும் இங்கே சுருக்கமாகச் சொல்லிவிட்டு மேலே போவது நல்லது. அச்சுக்காரரின் உடல்நிலையை உத்தேசித்து.

அடுத்த சில மாதங்களில் நான்கு கம்பெனிகளும் பட்டினி கிடந்த மாதிரி இளைத்தன. மெத்தை ஒரு தாளாகியது. வளையங்கள் மறைந்தன. சிப் கம்பெனி தன் பலகையைச் சிப்பின் அளவுக்கே நறுக்கி அனுப்பியது. அதைப் பார்த்த அன்றிரவு அச்சுக்காரருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மறுநாளே சுவரை இன்னும் கொஞ்சம் சீவினார். சகலை பலகையை மடித்து வைக்கலாமா என்று யோசிப்பதாகத் தெரிந்ததும், இன்னும் கொஞ்சம். மெஷின் நாளுக்கு நாள் சின்னதாகிக்கொண்டே போனதற்குக் காரணம் ஒத்துழைப்பு என்று ஒருங்கிணைப்பாளர் அம்மாள் தன் அறிக்கையில் எழுதினார். அதை அச்சுக்காரர் மறுக்கவில்லை. காது டாக்டர்கள் பரிசோதித்துப் பார்த்து, திருப்தி என்றார்கள். கூடு பட்டறையிலேயே தங்கியது. முதலாளி அவருக்குச் சுழல் நாற்காலி ஒன்று வாங்கிக் கொடுத்தார்.

ஒரு விடுமுறை நாளில் மாமனாருக்கான மெஷின் வந்தது. அன்று அச்சுக்காரர் முக்கால்மணி முன்னதாகப் புறப்பட்டார். சின்ன மாப்பிள்ளை அதற்கும் முன்னால் வந்து, மாமனாருக்கு மெஷினை மாட்டிவிட்டு, கைவைத்த நாற்காலியில் தன் கைக்குட்டையைப் போட்டு வைத்துவிட்டுக் கைகழுவப் போயிருந்தார். மாமனார் சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிப் படுத்திருந்தார். காதில் எதுவும் இருப்பதாகவே தெரியவில்லை. இன்னும் மாட்டவில்லை போலிருக்கிறது என்று அச்சுக்காரர் நினைத்தார். இதைவிட அந்தக் கூட்டைப் பாராட்ட வேறு யாராலும் முடியாது. கைக்குட்டையைப் பார்த்ததும், சமையலறை வாசலில் நின்ற மனைவியின் அருகே போய், பழக்கதோஷத்தில், மிகத் தணிந்த குரலில் தன் பேச்சுரிமையைப் பயன்படுத்தினார்.

மாமனார் கண்ணைத் திறக்கவில்லை. கோர்ட்டில் வாக்குமூலத்தைத் திருப்பி வாசிக்கிற குரலில், ஏற்ற இறக்கமே இல்லாமல் சொன்னார்.

"வந்துட்டார் பாரு, கைக்குட்டை போட்டு எடம் பிடிக்கிறார். சிப்பு சின்னதாச்சு, வாய்தான் இன்னும் சின்னதாகல."

அச்சுக்காரர் விட்டிருந்த பெருமூச்சையும் அவர் விட்டுவிடவில்லை. கடைசியில் ஒரு பெருமூச்சு விட்டும் காட்டினார்.

அச்சுக்காரருக்குப் பூமி பிளக்காதா என்றிருந்தது. அதே சமயம், சமையலறைக் குழாய் ஓடுகிற சத்தத்துக்கு நடுவே, அவ்வளவு தூரத்திலிருந்து, பெருமூச்சுவரை எடுத்திருக்கிறதே என்று அவருக்குள் இருந்த தொழில்காரன் துள்ளிக் குதித்தான். அவமானமும் பெருமையும் ஒரே நேரத்தில் ஒரே முகத்தில் இடம் பிடிக்கப் பார்த்ததில் முகம் கோணிக்கொண்டது. மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

கையைத் துடைத்துக்கொண்டே சின்ன மாப்பிள்ளை வந்தார். சகலை என்ன சொன்னார் மாமா என்று கேட்டார். மாமனார் இப்போதுதான் கண்ணைத் திறந்து, பெரிய மாப்பிள்ளையை ஒரு பார்வை பார்த்தார். எத்தனையோ சாட்சிகள் தடுமாறியதைப் பார்த்த கண்.

"ஒண்ணுமில்ல. பெரிய மாப்பிள்ளையோட மெஷின் நல்லா வேலை செய்யுதுன்னு சொல்லிட்டிருந்தேன்."

பெரிய மாப்பிள்ளையோட மெஷின். அச்சுக்காரர் இதற்காகத்தான் அறுத்தார், இதற்காகத்தான் தேய்த்தார். கிடைத்துவிட்டது. சின்ன மாப்பிள்ளையின் முகம் ஒரு நொடி சுருங்கியதைக் கண்ணாரக் கண்டார். ஆனால் சாப்பாடு முடிகிறவரை அவரால் ஒரு வார்த்தை பேச முடியவில்லை. பேசுவதற்கு அந்த வீட்டில் இனி இடமே இல்லை. சமையலறை, மொட்டைமாடி, குளியலறை வாசல் என்று மனசுக்குள் ஒவ்வொரு மூலையாகப் போய்ப் பார்த்தார். எல்லா மூலைக்கும் அந்த மெஷின் எட்டும். அவர்தான் செய்தார், அவருக்குத் தெரியாதா?

சாயங்காலம் மாமனாரிடம் சொல்லிக்கொண்டு கிளம்பினார்கள். சின்ன மாப்பிள்ளை இன்னும் போகவில்லை, கைவைத்த நாற்காலியில்தான் இருந்தார். பாதிப் படி இறங்கியதும் மேலே ஹாலில் மாமனார் தணிந்த குரலில் ஏதோ சொல்வதும், சகலை சிரிப்பதும் அச்சுக்காரர் காதில் விழுந்தது. அதில் 'மெஷின்' என்ற சொல் மட்டும் தெளிவாகப் பிடிபட்டது. அதற்கு முன்னால் யார் பெயர் வந்தது? ஒருவேளை அவரிடமும், இது சின்ன மாப்பிள்ளையோட மெஷின் என்று...

அப்படியே நின்றார். கைப்பிடியைப் பற்றிக்கொண்டு காதைத் திருப்பினார். மனைவி கீழேயிருந்து ஏதோ கேட்க வாயெடுத்தாள். கையைக் காட்டி அவளை நிறுத்திவிட்டு மூச்சை அடக்கிக்கொண்டார். மேலே பேச்சு நின்றது. பிறகு மாமனாரின் குரல், இந்தத் தடவை நன்றாக, நிதானமாக, படியெல்லாம் கேட்கும்படி வந்தது.

"பெரிய மாப்பிள்ளை இன்னும் போகல போலிருக்கே. யாரோ மூச்சப் பிடிச்சுட்டு நிக்கிறது கேக்குது."